507 யார் என்று கேட்டாயே

இர்பான்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் பாதியில் வைத்தேனே, அப்போது அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. அதற்கு மேல் பேசினால் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்காது. உன் பெங்களூர் கம்பெனி உன்னை ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறது, அங்குள்ள பழைய சர்வர்களையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை, அது நான் கல்யாணமான புதிதில் வேலை பார்த்த அதே தொழிற்சாலை என்று சந்தோஷமாகச் சொன்னாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அம்மா, அங்க ஒரு கூத்து கேளு. லேபிள் சிஸ்டம் ஃபைலுக்கெல்லாம் ஓனர் பேரே இல்ல. பேர் வர்ற எடத்துல வெறும் 507-னு நம்பர் வருது. யாருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல" என்றாய். அதோடு விட்டாயா? "ஐடி ஹெட் சம்பத் சார் ரொம்ப நல்ல மனுஷன்மா. அந்த சிஸ்டத்த அவரே எழுதுனாராம். ரிடையர் ஆகப் போறாரு, பாவம்" என்றாய்.

நல்ல மனுஷனாம். பாவமாம்.

507 நான்தான். உன் அம்மா.

நீ பிறக்கப் போகிறாய் என்பதால்தான் நான் வேலையை விட்டேன் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தோம். உன் அத்தாவும் நானும் சேர்ந்து முடிவு செய்த பொய் அது. எதற்கு ஒரு குழந்தையின் காதில் ஒரு மனுஷனின் அயோக்கியத்தனத்தைப் போடுவது என்று நினைத்தோம். ஆனால் அந்தப் பொய் உன்னிடம் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது. பெரியவனான பிறகு ஒருமுறை, "என்னாலதானே உனக்கு வேலை போச்சு" என்று நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டது எனக்கு மறக்கவில்லை. உன்னால் இல்லை இர்பான். உன்னைப் பார்த்துக்கொண்டே என்னால் நாலு சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். சம்பத் என்கிற அந்த ஆளால் போயிற்று. இனி முழுசாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கித்தான் எழுதுவேன், ஏனென்றால் நாளைக்கு உன் மனைவியோ பிள்ளைகளோ இதைப் படித்தாலும் புரியவேண்டும். பொறுத்துக்கொள்.

நான் அங்கே சேரும்போது கியர்களைப் பெட்டியில் அடுக்கி, ஒரு ஆள் உட்கார்ந்து கையால் லேபிள் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு எண் மாறினால் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரி அப்படியே திரும்பி வரும். அந்த வேலைக்குத்தான் நான் ஒரு டீமன் எழுதினேன். டீமன் என்றால் திரையில் முகம் காட்டாமல், யாரும் கூப்பிடாமலே, மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம். பேக்கிங்கில் ஒரு பெட்டி முடிந்தது என்று தெரிந்த உடனே அதற்கான லேபிளை அச்சடித்துத் தள்ளிவிடும். லேபிளின் வலது மேல் மூலையில் ஒரு குட்டிச் சதுரம் வைத்தேன். அதற்கு ஒரு பயனும் இல்லை. இது என்னுடையது என்று எனக்கு மட்டும் தெரியட்டுமே என்று வைத்தேன். காவேரிப்பட்டினத்து வியாபாரி வீட்டுப் பெண், முக்காடு போட்டுக்கொண்டு சர்வர் ரூமில் உட்கார்ந்து எழுதியது அது. டிஸ்பாட்ச் ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சம்பத் சார் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியேம்மா" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா", "ஏம்மா", வெளியாட்கள் இருந்தால் "நம்ம லேடி". அவ்வளவுதான்.

அந்த சர்வர் ரூமில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் ரூட்டாகவே உள்ளே போவார்கள். ரூட் என்றால் அந்த மெஷினில் எதையும் ஆக்கவும் அழிக்கவும் அதிகாரமுள்ள ஒரே பெயர். ஷிஃப்ட் மாறும்போது ரூம் சாவியோடு சேர்த்து அந்த பாஸ்வேர்டும் கை மாறும். எனக்கு மட்டும் என் பெயரில் ஒரு கணக்கு நானே போட்டு வைத்திருந்தேன், அதில்தான் என் வேலையெல்லாம். ஆளாளுக்குத் தனிக் கணக்கு போட்டுவிடலாம், அதிகாரம் வேண்டியபோது sudo போட்டுக்கொள்ளலாம், யார் எதைச் செய்தார்கள் என்று பெயரோடு பதிவாகும் என்று நான் அவரிடம் எத்தனையோ முறை கேட்டேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல ஆளுக்கொரு பீரோ சாவியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த வசதி என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நீ வயிற்றில் இருந்தாய். மாதக் கடைசி, டிஸ்பாட்ச் மும்முரமாக இருக்கிற நேரம். மதியம் ஸ்கேன் எடுக்கப் பர்மிஷன் போட்டுவிட்டுப் போயிருந்தேன். நான் திரும்பி வரும்போது சரக்கு ஏற்றுகிற டாக்கில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, டிரைவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், ஒரு லேபிள்கூட வரவில்லை. சர்வர் ரூமுக்குள் போனேன். கன்ஸோல் முன்னால் சம்பத், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் அவர் அடித்தது அத்தனையும் வரிசையாகக் கிடக்கிறது. டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் பண்ணுவதற்காக டீமன் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கிற பெரிய லாக் ஃபைலை rm போட்டு அழித்திருக்கிறார். அப்புறம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று df போட்டுப் பார்த்திருக்கிறார், இடம் வரவில்லை. இன்னொன்றை அழித்திருக்கிறார், மறுபடி df. இடம் வரவே இல்லை. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போய், கடைசியில் லேபிள் சிஸ்டத்தின் டேட்டா இருந்த டைரக்டரியையே துடைத்துவிட்டிருக்கிறார்.

ஏன் இடம் வரவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு ஃபைலை ஒரு டீமன் திறந்து கையில் பிடித்திருக்கும்போது நீ அதை அழித்தால் பெயர்தான் போகும், ஃபைல் போகாது. பிடித்திருப்பது விடுகிறவரை அது டிஸ்க்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். முதலிலேயே டீமனை ஒரு தடவை நிறுத்தி ஓட்டியிருந்தால் இடம் வந்திருக்கும், ஒரு லாரிகூட நின்றிருக்காது. தெரியாதது தப்பில்லை. போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாம். நான் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், திரையைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே clear என்று அடித்து எண்டர் தட்டினார். திரை சுத்தமாகிவிட்டது. இர்பான், எனக்கு அந்த ஆள்மேல் இருக்கிற கோபம் ஃபைலை அழித்ததற்கு இல்லை. அந்த clear-க்குத்தான்.

நகல் எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து எடுத்து, அதில் இல்லாததை மறுபடி எழுதி, அதை ஓடவைத்தது யார்? நான். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு உட்கார்ந்து ஓடவைத்தேன். லேபிள் வர ஆரம்பித்து, லாரிகள் கிளம்பி, எல்லாம் சரியான பிறகுதான் என்னை ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சம்பத் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போறதுக்கு முன்னாடி இந்தம்மாதான் சார் கை வச்சிட்டுப் போனாங்க. நான் வந்து பாக்கறப்ப எல்லாமே போயிருந்துச்சு" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. நான் இல்லை என்றேன். யார் செய்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டார்கள். ரூட். ரூட் யார்? எல்லாரும் ரூட். ஒரே குடும்பம் அல்லவா? வெளியே வந்ததும் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து, ரொம்ப அக்கறையாக, "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு பர்மனென்ட் ஆகற நேரம். மாசமா வேற இருக்கீங்க. நீங்களே எழுதிக் குடுத்துட்டு கௌரவமா போயிடுங்க" என்றார். உன் அத்தா அப்போது அதே தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் இருந்தார். எழுதிக் கொடுத்தேன். கேட்டில் இருந்த கன்னடக்கார வாட்ச்மேன் மட்டும் எழுந்து நின்று, "ஹோக்பிட்டு பன்னி மேடம்" என்றார். போயிட்டு வாங்க என்று அர்த்தம். அந்தத் தொழிற்சாலையில் என்னை மறுபடி வரச்சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் ஓசூரில் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. தொழிற்பேட்டை எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, ஐடி ஆட்கள் டீ குடிக்கிற கடை ஒன்றுதான். "சர்வரக் காலி பண்ண பொம்பள" என்று எனக்கு முன்னால் என் கதை போய் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினேன். இடையில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குருபரப்பள்ளியில் பஸ் நிற்கும். பக்கத்தில் நிற்கிற லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் பெட்டிகளை எட்டிப் பார்ப்பேன். வலது மூலையில் என் குட்டிச் சதுரம் இருக்கும். நீ சின்னப்பையன், "என்னம்மா பாக்கற?" என்று கேட்பாய். ஒன்றுமில்லை என்பேன். என் டீமன் ஓடிக்கொண்டிருக்கிறது, என்னை வெளியே தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியது தான்தான் என்று அந்த ஆள் மேடையேறிக் கேடயம் வாங்கினார் என்று கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. உன் அத்தா, "உட்டுடு புள்ள, அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார். அல்லாஹ் பார்ப்பான், சரி. எனக்கும் பார்க்கவேண்டும் என்று இருக்காதா?

நீ ஸ்கூல் படிக்கும்போது சென்டரில் என் மெஷினில் உட்கார்ந்து எதையோ அழித்துவிட்டு, "நான் இல்ல" என்று சொன்னாய். ஸ்கேல் ஒடிகிற வரை அடித்தேன். அழித்ததற்கு அடிக்கவில்லை என்று உனக்கு இப்போது புரியும். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றைக்குப் பிறகு நீ ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, எனக்கு அது போதும். உனக்குத் தனி லாகின் போட்டுக் கொடுத்ததும், அடுத்தவன் பாஸ்வேர்டை நாக்கால்கூடத் தொடாதே என்று சொல்லிக்கொடுத்ததும், எதையும் அழிக்கும் முன் யார் பிடித்திருக்கிறார்கள் என்று lsof போட்டுப் பார் என்று தலையில் குட்டியதும் நல்ல பழக்கத்துக்காக என்று நீ நினைத்திருப்பாய். கொஞ்சம் அதற்காகவும்தான். மிச்சமெல்லாம் இந்த ஆளுக்காக. உனக்குச் சோறு ஊட்டும்போதும் என் மனசுக்குள் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார்.

என்னென்னவோ யோசித்திருக்கிறேன். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுகிற cron-இல் ஒரே ஒரு வரி போட்டுவிட்டு வந்திருந்தால், அவர் விழா மேடையில் நிற்கிற நேரம் பார்த்து அத்தனை பிரிண்டரும் "சம்பத் பொய்யன்" என்று லேபிள் லேபிளாகத் தள்ளியிருக்கும். சிரிக்காதே, எத்தனை வருஷம் அந்த வரியை மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதினேன் தெரியுமா? போகும்போது ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அப்படி ஒன்று செய்திருந்தால் அவர் சொன்ன கதை உண்மையாகிப் போயிருக்கும். பார்த்தாயா, சொன்னேன் இல்ல என்று இன்னொரு கேடயம் வாங்கியிருப்பார். ஆகையால் நீயும் அங்கே ஒரு எழுத்தைக் கெடுக்கக் கூடாது. ஒரு ஃபைல் அழியக் கூடாது, ஒரு லாரி நிற்கக் கூடாது. இது உபதேசம் இல்லை, கட்டளை.

உன்னிடம் வேறு ஒன்று கேட்கிறேன். நான் போன பிறகு அந்த ஆள் userdel போட்டு என் கணக்கை நீக்கினார். ஆளே இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் ஒரு ஃபைல் யாருடையது என்பதை மெஷின் பெயராக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. நாம் ls -l போட்டுக் கேட்கும்போது அந்த எண்ணுக்கு உரிய பெயரை பயனர் வரிசையில் தேடிக் காட்டுகிறது. ஆளை நீக்கினால் பெயர் போகும். எண்ணை அவரால் என்ன செய்ய முடிந்தது? மெஷின் மாறி, டிஸ்க் மாறி, எல்லாமே புதிதாகியும், என் ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் 507 உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவர் தினம் அதைப் பார்த்திருக்கிறார், என்ன எண் என்றுகூடத் தெரியாமல்.

உரிமையாளர் இல்லாத ஃபைல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உங்கள் தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். find / -nouser போட்டு எடு, என்னுடையது அத்தனையும் வந்து விழும். ஒழுங்காக, மாற்றத்துக்கு அனுமதி கேட்டு ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுது. "உரிமையாளர் பெயர் இல்லாத ஃபைல்களுக்கு, அவற்றை உருவாக்கியவரின் பெயரை மீட்டல்" என்று தலைப்பு போடு. உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடு, நான் உனக்கு யார் என்பதை உன் கம்பெனி மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடு, ஒளிக்காதே, ஒளிப்பது அந்த ஆளின் தொழில். அப்புறம் அதை சம்பத்திடமே கொண்டுபோய் ஒப்புதல் வாங்கு. படித்துப் பார்த்தால் அங்கேயே அவர் முகம் செத்துப்போகும், மறுத்தால் ஏன் என்று காரணம் எழுதவேண்டும். என்ன எழுதுவார்? படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த சம்பத் படிக்கமாட்டார்.

பிறகு ஒரே வரி. useradd, -u போட்டு 507, என் பெயர். பாஸ்வேர்டு வேண்டாம். ஷெல் இருக்கிற இடத்தில் nologin என்று போடு. உள்ளே நுழைகிற உரிமை எனக்கு வேண்டவே வேண்டாம், அந்த ரூமில் எனக்கு இனி என்ன வேலை? பெயர் மட்டும் போதும். நீ எண்டர் தட்டிய அடுத்த நொடி, ஒரு ஃபைலைக்கூடத் தொடாமல், அந்த மெஷின் முழுக்க ஒவ்வொரு 507-ம் என் பெயராக மாறி நிற்கும். அந்தக் காலத்தில் லாகின் பெயருக்கு எட்டு எழுத்துதான். என் பெயர் ஆங்கிலத்தில் சரியாக எட்டு எழுத்து. அதை ஒரு எழுத்து குறையாமல் போடு.

ஒப்படைக்கிற நாளில், தொழிற்சாலையை வாங்கியிருக்கிற புது முதலாளிகளின் ஆட்கள் வருவார்கள், பெரிய திரையில் எல்லாம் காட்டவேண்டும், சம்பத் சார் பேசுவார், நான் கீபோர்டில் இருப்பேன் என்று சொன்னாய் அல்லவா? அவர் தன் லேபிள் சிஸ்டத்தைப் பற்றிப் பேசட்டும். நன்றாகப் பேசுவார், குறுக்கே போகாதே. பேசி முடிக்கும்போது அந்த டைரக்டரிக்குப் போய் ls -l போடு. திரை முழுக்க மேலிருந்து கீழே ஒரே பெயர் வரும். அவர்களில் யாராவது ஒருவர், இது யார் என்று கட்டாயம் கேட்பார். நீ உடனே பதில் சொல்லாதே. சம்பத்தைத் திரும்பிப் பார். அவர் முகம் போகிற போக்கை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொல்லவேண்டும். அவர் கை தானாகக் கீபோர்டு பக்கம் வரும், எனக்கு அந்தக் கையைத் தெரியும். வந்தால் கீபோர்டை உன் பக்கம் நகர்த்திக்கொள். திரையை clear பண்ண மட்டும் விடாதே.

அவர் வாய் திறக்கவில்லை என்றால், நீ சொல்: "இதை எழுதினவங்க. எங்கம்மா."

சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்.

எப்போதும் கடிதத்தின் கீழே அம்மா என்றுதான் எழுதுவேன். இந்த ஒரு தடவை என் பெயரைப் போடுகிறேன், நீ சரியாக அடிக்கவேண்டுமே என்பதற்காக.

shameema
ஷமீமா